நாற்பது மில்லிமீட்டர்

மூன்று லென்ஸ், மூன்று நாள்,
நாளைக்கு நூற்றைம்பது வாடகை.
எது பிடிக்கிறதோ வைத்துக்கொள்ளுங்கள்,
வாடகையை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றார்
செவ்வாய்ப்பேட்டை மாடிக் கடையில் தஸ்தகீர்.

நான் விபத்து வண்டிகளை மதிப்பிடுகிறவள்.
இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த ஜூம் லென்ஸ்
முக்கால் கிலோ.
அடிவாரம் தாண்டினால் என் கழுத்து
என்னுடையதாக இருப்பதில்லை.
அதை நீட்டினால் ஆட்களும்
சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

பை சின்னது.
தயிர்சாத டப்பா, குடை, அளவு நாடா,
மகனுக்கு வாங்கிய, இன்னும் கொடுக்காத
ஜியோமெட்ரி பாக்ஸ்.
மிச்சம் இருக்கும் மூலை எவ்வளவோ
அவ்வளவுதான் லென்ஸ்.

முதல் நாள் ஐம்பது.
ஐம்பது அழகாகப் பொய் சொல்லும்.
அஸ்தம்பட்டியில் பூக்காரியின் விரல்களை எடுத்தேன்;
மல்லி மட்டும் கூர்மை,
பின்னால் பஸ்ஸெல்லாம் வண்ண வட்டங்களாகக் கரைந்து
ஹாரன்கூடக் குறைந்தது போலிருந்தது.
பிறகு ஒன்பதாம் கொண்டை ஊசி.
சில்வர் ஓக் ஏற்றிய லாரி ஒருக்களித்துக் கிடந்தது.
முழு லாரியும் வர, நான் பின்னால் போகணும்.
போனேன்.
இன்னும் போகணும்.
இடுப்பில் தடுப்புச்சுவர் இடித்தது.
அதற்கும் பின்னால் சேலம்,
மொத்தச் சேலமும்,
எங்கோ கீழே.

இரண்டாம் நாள் இருபத்தெட்டு.
போகிற வழியில் லாரியை முழுசாகக் கொடுத்தது,
அதற்கு நன்றி.
ஆனால் எதையும் விடத் தெரியாது அதற்கு,
கல்யாண வீட்டில் வழிப்போக்கனையும்
சாப்பிடக் கூப்பிடுகிற ஆள் மாதிரி.
ஏரி, படகு, படகின் எண், பஜ்ஜிக் கடைப் புகை,
என் செருப்பு நுனி, என் நிழல்
எல்லாம் வந்துவிட்டன.
யாரைப் பார்த்து நின்றேன் என்பது வரவில்லை.
நெருங்கிப் போ என்றது. நெருங்கினேன்.
நாகலூரில் காபிப் பழம் பறிக்கும் செல்லக்கிளியின் மூக்கு
முகத்தைவிட்டு ஒரு படி இறங்கி வந்து நின்றது.
திரையைப் பார்த்தாள்.
"இது நானில்லீங்க,
எங்க அத்தை."

மிஞ்சியது நாற்பது.
யாரும் பேர் சொல்லிக் கேட்காத எண்.
தடிமன் ஒரு விரல்கூட இல்லை.
"தட்டுவடை," என்றார் தஸ்தகீர்,
"மேலே பீட்ரூட் கேரட் தூவினால் செட்."
இரண்டு புள்ளி எட்டுக்கு மேல்
வாய் திறக்காது என்றும் எச்சரித்தார்.

சேஸிஸ் எண் தெளிவில்லை என்று ஆபீஸில் சொல்ல
மறுபடி ஒன்பதாம் வளைவு.
இந்த முறை பனிமூட்டம்.
லென்ஸ் முன்னும் பின்னும் துழாவியது,
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடும் கை போல.
பிடித்துக்கொள்ள அதற்கு எதுவும் இல்லை.
தானியங்கியை அணைத்து, கையால் திருப்பி,
உத்தேசமாகப் பத்தடியில் நிறுத்திக் காத்திருந்தேன்.
பத்தடிக்குள் முதலில் ஒரு நாய் வந்தது.
கொஞ்ச நேரம் யாருமில்லை.
பிறகு தலையில் பிளாஸ்டிக் நாற்காலியோடு
கிளீனர் முனிரத்தினம்,
சாய்ந்த லாரிக்கு மூன்று நாளாகக் காவல்,
டீக்கடையில் இரவல் வாங்கிய நாற்காலி.
நான் பின்னால் போகவில்லை.
அவர் சட்டையைச் சரிசெய்யவில்லை.
கையில் இருப்பது கேமரா என்றே
நினைக்கவில்லை போலும்,
"மணி என்னங்க?" என்றார்.

கோப்பில் சேஸிஸ் எண் வைத்தாயிற்று.
நாற்காலிக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

திங்கள்கிழமை பணம் கட்டினேன்.
நானூற்றைம்பதைக் கழித்த கையோடு
மூடி எங்கே என்றார் தஸ்தகீர்.
மூடி ஒன்பதாம் வளைவில்,
பள்ளத்துக்குள், சேலத்தை நோக்கி.
புதுசு எண்பது ரூபாயாம்.
வேண்டாம் என்றுவிட்டேன்.
எலுமிச்சை ஊறுகாய் டப்பாவின் மூடி
கச்சிதமாக உட்காருகிறது.
வெயிலில் வைத்தால்தான் கொஞ்சம் வாசனை.